ஃபைன்மன் திறந்த பெட்டிகள்

எங்கள் கல்லூரி விடுதியில் அந்தப் புத்தகம் ஜெராக்ஸ் பிரதியாகத்தான் சுற்றியது. அட்டை கிடையாது, ஸ்பைரல் பைண்டிங், முதல் சில பக்கங்கள் யாரோ கிழித்து எதற்கோ பயன்படுத்திவிட்டார்கள். அதனால் நான் பல மாதங்களுக்கு அதன் முழுப் பெயரே தெரியாமல் ‘ஃபைன்மன் புக்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ‘ஷ்யூர்லி யூ ஆர் ஜோக்கிங், மிஸ்டர் ஃபைன்மன்’. 1985-இல் வந்தது. ரிச்சர்ட் ஃபைன்மன் தன் மேளம் அடிக்கும் நண்பர் ரால்ஃப் லெய்ட்டனிடம் வருடக்கணக்கில் சொன்ன கதைகளின் தொகுப்பு. அவருடைய இயற்பியல் விரிவுரைகளை எங்கள் விடுதியில் யாரும் படித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அவர் லாஸ் அலமோஸில் இரும்புப் பெட்டிகளைத் திறந்த அத்தியாயத்தைப் படிக்காதவன் கிடையாது. அந்தப் பக்கங்களில் மட்டும் டீக்கறை அதிகமாக இருக்கும்.

அந்த அத்தியாயத்தை இதுவரை பத்துத் தடவையாவது படித்திருப்பேன். ஒன்பது தடவை ஒரே மாதிரிதான் படித்தேன். பத்தாவது தடவை படித்தது 2018-இல், விருதுநகரில், எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணையில். உள்ளே ஒரு மூடிய கதவுக்குப் பின்னால், சாவி தொலைந்துபோன அவருடைய இரும்புப் பெட்டியை ஒருவர் திறந்துகொண்டிருந்தார். அதற்குப் பிறகு அந்த அத்தியாயம் எனக்குப் பழைய மாதிரி இல்லை. அது நல்ல எழுத்துதானா, நல்ல எழுத்தென்றால் எதை மறைக்கிற நல்ல எழுத்து என்பதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக. இரண்டாம் உலகப்போர் காலம். அணுகுண்டு செய்யும் ரகசிய ஆய்வகம். இருபதுகளின் நடுவில் இருக்கும் ஒரு பையனுக்குப் பொழுதுபோக்கு வேறு இல்லை. முதலில் ஆவண அலமாரிகளுக்குச் சாதாரணப் பூட்டு. அதைத் தொடாமலே அலமாரியின் பின்பக்கமாகக் காகிதங்களை உருவ முடியும் என்று காட்டுகிறார். பிறகு எண் பூட்டு வைத்த புது அலமாரிகள் வருகின்றன. மூன்று எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 99 வரை. கணக்குப்படி 10 லட்சம் சேர்க்கைகள். ஃபைன்மன் தன் பூட்டையே பிரித்துப் பார்த்து, ஒவ்வொரு எண்ணிலும் இரண்டு முன்னே பின்னே போனாலும் பூட்டு மன்னித்துவிடுகிறது என்று கண்டுபிடிக்கிறார். ஆக 100 எண் என்பது உண்மையில் 20 எண். 20 பெருக்கல் 20 பெருக்கல் 20, வெறும் 8000. கையைப் பழக்கிக்கொண்டால் எந்தப் பெட்டியையும் அதிகபட்சம் எட்டு மணி நேரத்தில் திறந்துவிடலாம்.

எட்டு மணி நேரம் ஒரு வித்தைக்கு ரொம்ப அதிகம். அப்போதுதான் இன்னொன்று பிடிபடுகிறது. பெட்டி திறந்து கிடக்கும்போது அதன் சக்கரத்தைச் சும்மா திருகினால், கடைசி இரண்டு எண்களை விரலாலேயே உணர்ந்துவிடலாம். அவ்வளவுதான். நண்பர்களின் அறைக்குப் போவார், இயற்பியல் பேசுவார், பேசும்போதே திறந்திருக்கும் அலமாரியில் சாய்ந்துகொண்டு கை தன்பாட்டுக்குத் திருகிக்கொண்டிருக்கும். தன் அறைக்குத் திரும்பி எண்ணைக் குறித்துக்கொள்வார். யாராவது அவசரமாக ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும் என்று வந்தால், முதல் எண்ணுக்கு மட்டும் இருபது முயற்சி போதும். சில நிமிட வேலை. ஆனால் அவர் கருவிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு போய், அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, பெட்டியைத் திறந்த பிறகு பத்திரிகை ஏதாவது படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். போதுமான நேரம் போனதும் களைத்தவர் மாதிரி வெளியே வருவார்.

அந்தப் பத்திரிகை படிக்கும் இடம்தான் விடுதியில் எங்களுக்கு உச்சம். சிரித்துச் சிரித்துச் சொல்வோம். பின்னாளில் ஐ.டி. வேலைக்குப் போனபோது நாங்கள் அத்தனை பேரும் அதைச் செய்தோம் என்பதும் உண்மை. அரை மணி நேரத்தில் முடிகிற வேலைக்கு ரெண்டு நாள் எஸ்டிமேட் போடுவதைக் கற்றுக்கொடுத்தது எந்த மேனேஜரும் இல்லை, ஃபைன்மன்தான்.

எங்கள் தாத்தா விருதுநகரில் பருப்புக் கமிஷன் கடை வைத்திருந்தவர். 2017-இல் போய்ச் சேர்ந்தார். அவருடைய இரும்புப் பெட்டி கடையை மூடிய பிறகு வீட்டுப் பின்னறைக்கு வந்தது. இடுப்பு உயரம், பித்தளைக் கைப்பிடி, சாவித்துவாரத்தை மூடிய ஒரு சின்னத் தகடு. அதை ஒருபக்கமாக நகர்த்தினால்தான் துவாரமே தெரியும். சாவி எப்போதும் அவர் அரைஞாண்கொடியில்தான் இருக்கும். கடைசி ஒரு வருடம் படுக்கையில் இருந்தபோது எப்போது அது இடுப்பை விட்டுப் போனது என்று யாருக்கும் தெரியாது. அந்த ஒரு வருடமும் அவரைப் பார்த்துக்கொண்டது என் அத்தை.

இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். குடும்பத்தில் பிறந்தவர்களுக்குப் புரியும்.

வருடத் திதி முடிந்த கையோடு, பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும் என்று சித்தப்பா நின்றார். கேஸ் கட்டர் வைத்து வெட்டிவிடலாம் என்பது அவர் யோசனை. உள்ளே பத்திரம் இருந்தால் கருகிவிடும் என்று அப்பா சொன்னார். கடைசியில் மதுரையிலிருந்து ஒரு பூட்டுக்காரரைக் கூட்டிவந்தோம். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். அப்பா காலத்திலேயே பூட்டுப் பட்டறை, பத்து வயதில் அரம் பிடித்த கை என்று சொன்னார். அறுபதைத் தாண்டியவர். பெட்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். ஒரு மெழுகுவர்த்தி கேட்டார். பிறகு எல்லோரையும் பார்த்து, “அண்ணாச்சி, கொஞ்சம் வெளியே இருங்க. ஆள் நின்னா எனக்குக் கை ஓடாது” என்றார். நான் மட்டும் நிற்கட்டுமா, இன்ஜினியர்தான், பார்த்துக்கொள்கிறேன் என்றேன். “தம்பிக்கும் சேத்துத்தான் சொன்னேன்” என்றார்.

கதவு சாத்தப்பட்டது. நான் திண்ணைக்கு வந்து, போனில் அந்த அத்தியாயத்தைத் திறந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது இது: அத்தியாயத்தின் தலைப்பை நான் எப்போதுமே தவறாகப் படித்திருக்கிறேன். ஒரு பெட்டி திறப்பவன் இன்னொரு பெட்டி திறப்பவனைச் சந்திக்கிறான் என்பது அதன் பொருள். இரண்டு பேர். விடுதியில் நாங்கள் கொண்டாடியது ஒருவரை மட்டும்தான். இரண்டாவது ஆள் ஆய்வகத்தின் பூட்டு வேலைக்காரர். புத்தகத்தில் அவருக்குப் பெயர்கூட இல்லை.

அவர் வருவது கடைசியில். போர் முடிந்துவிட்டது. ஆய்வகத்தில் ஒரு ராணுவ கேப்டன் தன் முக்கியத்துவத்துக்கு ஏற்றபடி பிரம்மாண்டமான பெட்டகம் ஒன்றை வரவழைத்து வைத்திருந்தார். அவர் போய்விட்டார், எண் யாருக்கும் தெரியவில்லை. அதாவது நம் விருதுநகர் நிலைமைதான். அந்தப் பெட்டகத்தைப் பூட்டுக்காரர் திறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் ஃபைன்மன் ஆடிப்போகிறார். தன்னிடம் இருப்பது கடைசி இரண்டு எண்ணைத் திருடும் வித்தை மட்டும்தான் என்று அவருக்குத் தெரியும். மூடிக் கிடக்கும் ஒரு பெட்டகத்தைத் திறப்பவன்தான் அசல் ஆள். அவரிடம் தொழில் கற்றுக்கொள்ள வேண்டும் என்று, அவசரப்படாமல், நாளுக்கு ஒரு வணக்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் பழகுகிறார். கடைசியில் பெயரைச் சொன்னதும் பூட்டுக்காரர் துள்ளி எழுகிறார். ஃபைன்மனா, அந்தப் பெட்டி திறக்கிற ஃபைன்மனா, உங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் நானும் காத்திருந்தேன் என்கிறார்!

அப்போ கேப்டன் பெட்டகத்தைத் திறந்தது எப்படி? பூட்டுகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது 25-0-25 அல்லது 50-25-50 என்று வைத்து அனுப்புவார்கள். ஒருவேளை அந்த ஆள் மாற்றாமலே விட்டிருப்பாரோ என்று போட்டுப் பார்த்தாராம். இரண்டாவது எண்ணில் திறந்துகொண்டது. இதைக் கேட்டுவிட்டு ஃபைன்மன் தன் கட்டடத்தில் அறை அறையாகப் போய் இந்த இரண்டு எண்களையும் போட்டுப் பார்க்கிறார். ஐந்துக்கு ஒரு பெட்டி திறக்கிறது. அணுகுண்டு செய்த இடத்தில்.

இந்த முடிவு எவ்வளவு அழகானது என்பது மென்பொருள் வேலைக்கு வந்த பிறகுதான் உறைக்கும். வீட்டு ரவுட்டருக்கு ‘அட்மின்’, கடவுச்சொல்லும் ‘அட்மின்’ என்று வைத்திருக்கும் உலகத்தில் வாழ்கிறோம். ஆனால் நான் இங்கே பார்க்கச் சொல்வது தொழில்நுட்பத்தை அல்ல, கதையின் வடிவத்தை. பல பக்கங்களாக ஒரு மேதையின் விரல் சாகசங்களைச் சொல்லிவிட்டு, கடைசிப் பக்கத்தில் பெயரில்லாத ஒரு தொழிலாளியைக் கொண்டுவந்து அத்தனையையும் கலைத்துப் போடுகிறார். தன் புகழும் பொய், அவர் புகழும் பொய் என்று ஒரே வரியில் அம்பலப்படுத்துகிறார். தற்பெருமைக்காரர் என்று ஃபைன்மனைத் திட்டுபவர்கள் உண்டு. உடன் வேலை பார்த்த மர்ரே கெல்-மன், ஃபைன்மன் இறந்தபின் எழுதிய அஞ்சலியிலேயே, தன்னைப்பற்றிய கதைகளை உற்பத்தி செய்வதில் இந்த மனிதர் நிறைய நேரம் செலவழித்தார் என்கிற அர்த்தத்தில் குறைபட்டுக்கொண்டார். குறை நியாயம்தான். ஆனால் இந்த ஒரு அத்தியாயத்துக்கு அது பொருந்தாது. தன் பெருமையைத் தானே உடைக்கிற பெருமைக்காரர் இங்கே பேசுகிறார்.

என் புகார் வேறு.

நடுவில் ஒரு சம்பவம் வரும். டி ஹாஃப்மன் என்கிற சக விஞ்ஞானியின் அறையில் ஒன்பது ஆவண அலமாரிகள். ஃபைன்மனுக்கு ஓர் அறிக்கை வேண்டும், ஆள் இல்லை. செயலாளரின் மேசை இழுப்பறையில் பையின் மதிப்பு எழுதிய சீட்டு கிடக்கிறது. கணக்கே போடாத செயலாளருக்கு பை எதற்கு? 31-41-59 போட்டுப் பார்க்கிறார். திறக்கவில்லை. திருப்பிப் போட்டுப் பார்க்கிறார். இல்லை. இயற்பியல்காரனுக்குப் பையை விட்டால் அடுத்தது ‘இ’தானே? 27-18-28. திறந்துகொண்டது. மற்ற அலமாரிகளுக்கும் அதே எண். சிலவற்றில் குறும்புச் சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகிறார். டி ஹாஃப்மன் அவற்றை வரிசை மாறிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போகிறார்.

அந்த அலமாரிகளுக்குள் என்ன இருந்தது என்று ஃபைன்மன் மறைக்கவில்லை. புளூட்டோனியம் தயாரிப்பது, எவ்வளவு வேண்டும், குண்டின் வடிவமைப்பு, அளவுகள், எல்லாமே அங்கே இருந்தது என்று ஒரே மூச்சில் பட்டியல் போடுகிறார். எதற்காக? நகைச்சுவையின் பந்தயத்தொகையை ஏற்றுவதற்காக. உள்ளே இருப்பது எவ்வளவு பயங்கரமோ அவ்வளவு பெரிய சிரிப்பு. விடுதியில் நாங்களும் சிரித்தோம். அந்த அறையில் அந்த நேரத்தில், அந்தக் காகிதங்கள் ஏற்கெனவே இரண்டு நகரங்களுக்குப் போய்வந்துவிட்டன என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

ஃபைன்மனுக்கு உறைத்திருந்தது. இதைத்தான் திண்ணையில் உட்கார்ந்து பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளியபோது கவனித்தேன். பெட்டி அத்தியாயத்துக்குச் சரியாக முந்தைய அத்தியாயமும் லாஸ் அலமோஸ் பற்றியதுதான். அதில் அவர் மனைவி ஆர்லீன் காசநோயில் சாகிறார், 1945 ஜூனில். ஆல்புகர்க்கி மருத்துவமனைக்கு அவர் போன கார் நண்பரிடம் இரவல் வாங்கியது. சாவின்போது அவர் அழவில்லை. ஒரு மாதம் கழித்து, ஓக் ரிட்ஜில் ஒரு கடை ஜன்னலில் அழகான உடை ஒன்றைப் பார்த்து, இது ஆர்லீனுக்குப் பிடிக்குமே என்று நினைத்த கணத்தில் உடைகிறார். அதே அத்தியாயத்தின் முடிவில், போருக்குப் பிறகு நியூயார்க்கில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, ஹிரோஷிமாக் குண்டு இங்கே விழுந்தால் எதுவரை அழியும் என்று தெருக்களைக் கணக்குப் போடுகிறார். பாலம் கட்டுகிறவர்களைப் பார்த்து, எதற்கு இவர்கள் வீணாகக் கட்டுகிறார்கள் என்று தோன்றுகிறது.

பக்கத்தைத் திருப்பினால் பூட்டு விளையாட்டு ஆரம்பம்.

ஒரே இடம், ஒரே வருடங்கள், ஒரே ஆள். துக்கம் ஒரு அறையில், சிரிப்பு இன்னொரு அறையில், நடுவில் சுவர். சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைகளில் இப்படித்தான் நடக்கும் போல. சபையில் சிரிக்க வைத்த கதை சபைக்கு ஏற்றபடி செதுக்கப்படுகிறது. மனைவி செத்துக்கொண்டிருந்த மாதங்களில்தான் இந்த மனிதர் அடுத்தவர்களின் பெட்டிகளைத் திருகிக்கொண்டிருந்தார் என்ற ஒரு வரி பெட்டி அத்தியாயத்தில் இருந்திருந்தால், அதன் சிரிப்பு குறைந்திருக்காது. ஆழமாகியிருக்கும். ஏன் இந்த ஆளுக்கு எதையாவது திறந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது என்று நாம் கேட்டிருப்போம். லெய்ட்டன் அதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அது அந்தப் புத்தகத்தின் ஆகப்பெரிய தோல்வி என்றே நினைக்கிறேன்.

ஆர்லீன் இறந்து பதினாறு மாதம் கழித்து, 1946 அக்டோபரில் ஃபைன்மன் அவருக்கு ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டி வைத்தார். 1988-இல் அவர் இறந்த பிறகுதான் அதைத் திறந்தார்கள். அவருடைய கடிதங்களின் தொகுப்பில் இப்போது யாரும் படிக்கலாம். நான் ஒருமுறை படித்தேன். மறுபடி படிக்கவில்லை.

இரவல் கார் என்றேனே, அதைக் கொடுத்தவர் க்ளாஸ் ஃபுக்ஸ். லாஸ் அலமோஸின் ரகசியங்களைச் சோவியத் ஒன்றியத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர். 1950-இல் பிரிட்டனில் பிடிபட்டு 14 வருடம் சிறைத்தண்டனை பெற்றவர். ஃபுக்ஸ் ஒரு பெட்டியைக்கூட உடைக்கவில்லை. தேவையே இல்லை. அவருக்கு அனுமதி இருந்தது. நம்பினார்கள். பூட்டுகளைப் பற்றிய எந்த வீரக்கதையும் இந்த இடத்தில் வாயடைத்துப்போகும். காவலர்கள் பயந்தது திருகிக்கொண்டே நின்ற கோமாளியைப் பார்த்து. போனது அமைதியான நல்ல மனிதர் வழியாக.

பயந்தார்கள் என்பதற்கு ஃபைன்மனே சாட்சி. ஓக் ரிட்ஜில் ஒரு கர்னலின் பெரிய பெட்டகத்தை அவர் கண்ணெதிரில் திறந்து காட்டி, வேலை செய்யும்போது பெட்டகத்தைத் திறந்துபோடாதீர்கள், அதுதான் ஆபத்து என்று விளக்குகிறார். கர்னல் தலையாட்டுகிறார். அடுத்த முறை போனால் எல்லோரும் இவரைக் கண்டு பதறுகிறார்கள். ஏனென்றால் கர்னல் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார்: சென்றமுறை ஃபைன்மன் உங்கள் அறைக்குள்ளோ அருகிலோ வந்தாரா? ஆம் என்றால் எண்ணை மாற்றவும். ஓட்டையை அடைக்கவில்லை. ஓட்டையைக் காட்டியவனை ஆபத்து என்று முடிவுகட்டினார்கள்.

விடுதியில் இதைப் படித்துக் கர்னலை முட்டாள் என்று சிரித்தேன். பிற்பாடு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், வாடிக்கையாளர்களின் விவரங்களை உள்ளே இருக்கும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று ஒரு மின்னஞ்சலில் எழுதிக் காட்டினேன். மறுநாள் எனக்கு மட்டும் அனுமதி போனது. மூன்று மாதம் கழித்தும் ஓட்டை அப்படியே இருந்தது. கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது, கர்னல் ஞாபகத்தில். இது புதிதும் அல்ல. 1851-இல் லண்டன் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஹாப்ஸ், உடைக்கவே முடியாதென்று கடை ஜன்னலில் சவாலாக வைத்திருந்த பிராமா பூட்டை 51 மணி நேரம் உழைத்துத் திறந்தபோதும் பெரிய சர்ச்சை எழுந்தது. இதையெல்லாம் வெளியே சொல்லலாமா என்று பதறியவர்களுக்கு, திருடனுக்கு இது முன்பே தெரியும் என்று அவர் தரப்பு பதில் சொன்னது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. 2003-இல் மேட் ப்ளேஸ் என்கிற கணினி விஞ்ஞானி மாஸ்டர் சாவிகளின் பலவீனத்தைக் கட்டுரையாக வெளியிட்டபோது பூட்டுக்காரர்களே அவர்மீது பாய்ந்தார்கள். அவர் அடுத்த வருடம் எழுதிய, கணினிக்காரர்களுக்கான பெட்டகம் திறக்கும் கட்டுரை, ஃபைன்மனைவிட நல்ல தொழில்நுட்ப எழுத்து என்பது என் கட்சி. சக்கரங்கள் எங்கே தொடுகின்றன என்று வரைபடம் போட்டுப் பொறுமையாகக் கண்டுபிடிக்கும் முறை அதில் இருக்கிறது. சினிமாவில் காட்டுகிற மாதிரி ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடும் வேலையெல்லாம் இல்லை.

சினிமா என்றதும் ‘ரிஃபிஃபி’யைச் சொல்லாமல் போகக்கூடாது. ழூல் தாஸன் 1955-இல் பிரான்ஸில் எடுத்தது. நகைக்கடைப் பெட்டகத்தைத் திறக்கும் காட்சி ஏறக்குறைய அரை மணி நேரம், வசனமும் இசையும் கிடையாது. மேல்வீட்டுத் தரையைத் துளைத்து, விழும் துண்டுகளைக் குடையை விரித்துப் பிடிப்பார்கள். பார்க்கும் நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். ஆனால் அந்தப் படம் பெரிய படம் ஆவது அதற்குப் பிறகுதான். பெட்டி திறந்தாகிவிட்டது, நகை வந்துவிட்டது, மிச்சப் படம் முழுக்க அதனால் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். தாஸனுக்குத் தெரிந்திருக்கிறது. ‘க்ளிக்’ சத்தம் கதையின் நடுப்பகுதி, முடிவு அல்ல. ஃபைன்மனின் கதைகள் எல்லாம் ‘க்ளிக்’கில் முடிந்துவிடுகின்றன.

மூன்று மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. இடையில் அரம் போடும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. பூட்டுக்காரர் செய்தது இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். வெட்டாத வெறும் சாவியை மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கரியேற்றி, துவாரத்தில் விட்டு அழுத்தித் திருப்பினால், உள்ளே இருக்கும் தகடுகள் எங்கே இடிக்கின்றனவோ அங்கே கரி அழிந்து தடம் விழும். அந்த இடத்தில் கொஞ்சம் அராவுவார். மறுபடி புகை, மறுபடி திருப்பல், மறுபடி அரம். பூட்டு தானே தன் சாவியைச் சொல்லிக்கொடுக்கும். (சாவி என்பதே போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். திறவுகோல் என்ற நல்ல சொல்லை வைத்துக்கொண்டு நாம் அதைத்தான் தொலைத்துத் தேடிக்கொண்டிருக்கிறோம்.)

உள்ளே இருந்தவை: 2016 நவம்பரில் செல்லாமல் போன 500, 1000 ரூபாய்த் தாள்கள், மொத்தம் 46,000 ரூபாய். செத்துப்போனவர்கள் எழுதிக் கொடுத்த புரோநோட்டுகள் ஒரு கட்டு. பாட்டியின் மூக்குக்கண்ணாடி. 1980-களின் கடைக் கணக்கு நோட்டு மூன்று. ஒரு காலி நகைப்பெட்டி.

அந்தக் காலி நகைப்பெட்டி இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிவப்பு வெல்வெட்டில் ஆரம் வைக்கிற பள்ளம் அப்படியே பதிந்திருந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. அத்தை இருந்த பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாட்டியின் ஆரத்தைத் தாத்தாவே கடை நொடித்தபோது விற்றிருக்கலாம். அப்பாவுக்கு அப்படி மங்கலாக ஞாபகம். சொல்ல வேண்டிய நேரத்தில் அவர் அதைச் சொல்லவில்லை. அத்தை எழுந்து, எல்லோருக்கும் காபி போடுகிறேன் என்று உள்ளே போனார். அதுதான் அவர் அந்த வீட்டில் போட்ட கடைசிக் காபி.

அந்தப் பெட்டி மூடியிருந்த ஒரு வருடம் எங்கள் குடும்பம் சுமாராக ஒன்றாகத்தான் இருந்தது. உள்ளே ஆரம் இருக்கிறது என்று சித்தப்பா நம்ப முடிந்தது. உள்ளே ஒன்றுமில்லை என்று அப்பா நம்ப முடிந்தது. அத்தையை யாரும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இந்தப் பகுதி எந்தப் பெட்டிக் கதையிலும் இல்லை என்பதுதான் ஒரு வாசகனாக என் மனத்தாங்கல். திறமையைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கர்னலின் சுற்றறிக்கையை ஃபைன்மன் நகைச்சுவையாக எழுதினார், ஏனென்றால் சந்தேகப்பட்டது அவரை, அவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது, அவர் ஃபைன்மன். அதே சுற்றறிக்கை அந்த அறையைக் கூட்டிப் பெருக்கியவர் பெயரிலோ, இழுப்பறையில் சீட்டு வைத்திருந்த அந்தச் செயலாளர் பெயரிலோ வந்திருந்தால்? அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆனது என்று புத்தகம் சொல்வதில்லை. படிக்கும் நாமும் கேட்பதில்லை. பத்துத் தடவை படித்த நானும் கேட்டதில்லை.

பூட்டுக்காரரை பைக்கில் பஸ் ஸ்டாண்டில் கொண்டு விட்டேன். டீ குடிக்கும்போது, மூணு மணி நேரம் ஆகும் வேலையா அது என்று கேட்டேன். சிரித்தார்.

“ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது தம்பி. அப்புறம் சும்மாதான் உக்காந்திருந்தேன்.”

ஃபைன்மனின் பத்திரிகை ஞாபகம் வந்து, கூலி குறைத்துவிடுவார்கள் என்றா என்று கேட்டேன்.

“கூலி முன்னாடியே பேசுனதுதானே. அதுக்கில்ல. சட்டுனு திறந்தா, இவன் இவ்வளவு சுலபமா திறக்கிறான், இதுக்கு முன்னாடியும் எவனோ திறந்திருப்பான்னு வீட்டுல பேச்சு வரும். கஷ்டப்பட்டுத் திறந்தாத்தான் உள்ள இருக்கிறவங்களுக்கு நல்லது.”

ஒரே தந்திரம். மூடிய கதவு, வீணாகக் கழியும் நேரம், களைத்த முகம். ஃபைன்மன் அதைத் தன் வித்தையைக் காப்பாற்றச் செய்தார். இவர் முன்பின் தெரியாத ஒரு வீட்டில், முகம்கூடப் பார்த்திராத யாரோ ஒருவரைக் காப்பாற்றுவதற்காகச் செய்திருக்கிறார். அந்த அத்தியாயத்தை நான் எப்போதாவது தமிழில் எழுதினால், பெயரில்லாத அந்த இரண்டாவது ஆளிடமிருந்துதான் தொடங்குவேன். கேப்டனின் பெட்டகத்தை அவர் இரண்டாவது முயற்சியிலேயே திறந்திருக்கிறார். அந்த ரகசியத்தை ஃபைன்மன் வந்து கேட்கும்வரை வெளியே சொல்லாமல்தானே இருந்தார்? அதை ஃபைன்மன் ஒரு ஜோக்காகத்தான் எடுத்துக்கொண்டார்.

புது சாவி இப்போது சித்தப்பா வீட்டில் ஆணியில் தொங்குகிறது. பெட்டியை அவர்தான் எடுத்துப் போனார். போன மாதம் அத்தை போன் செய்தார். ஊர் விஷயம், என் மகளின் பள்ளிக்கூடம், மழை எல்லாம் பேசிவிட்டு, வைக்கப் போகும்போது கேட்டார்.

“ஏய்யா, அன்னிக்கு வந்தாரே பூட்டுக்காரர், அவர் நம்பர் உங்கிட்ட இருக்கா? என் பீரோ சாவியக் காணோம், ரெண்டு நாளா தேடுறேன். சித்தப்பாகிட்ட சொல்லிராத.”